அழுக்கில்லாத வேலி

மலைச்சரிவை வெட்டி மனை போடுகிறவர்கள் முதலில் செய்கிற வேலை புல்லைச் சுரண்டி எறிவது. புல் போனால் மண்ணுக்குப் பிடிமானம் போயிற்று. அடுத்த மழையில் மேட்டு மண் கரைந்து பள்ளத்துக்கு ஓடும். பள்ளத்தில் ஆறு இருந்தால் ஆறு கலங்கும். இதைத் தெரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டாம், கண் இருந்தால் போதும். ஆனால் எந்த அலுவலகமும் கண்ணை நம்பி நடப்பதில்லை. படிவத்தை நம்பித்தான் நடக்கிறது.

வேலியக்கா கண்ணை நம்பியவள். படிவத்தையும் நம்பினாள். அங்கேதான் ஏமாந்தாள்.

அந்தப் பெயர் மனைபோடும் இடத்தில் அவளுக்குக் கிடைத்தது. அதற்கு முன் பதினொரு வருடம் லாரிகளுக்குத் தார்ப்பாய் தைக்கும் கடையில் இருந்தாள். மலையை வெட்ட வந்த நிறுவனம், சரிவின் அடியில் நட ஒரு துணி வேலி வேண்டும் என்று அந்தக் கடையில்தான் சொல்லியிருந்தது. இடுப்புயரத் துணி, ஆறடிக்கு ஒரு முளைக்குச்சி, குச்சியைச் செருக ஒரு பை. துணி தண்ணீரை மெல்ல விடும், மண்ணை விடாது. அவள் தைத்த துணியைக் கொண்டுபோய் இறக்கிய அன்றைக்கே, ஆட்கள் அதைக் கட்டுகிற அழகைப் பார்த்து நின்றுவிட்டாள். கொடியில் சேலை காயப்போட்ட மாதிரி தொங்கவிட்டிருந்தார்கள்.

அடியில் தண்ணீர் போகாதா என்று கேட்டாள். ஆட்கள் சிரித்தார்கள். மேலாளர் வரைபடத்தைப் பிரித்துப் பார்த்தார். துணியின் கீழ்விளிம்பை ஒரு சாண் ஆழத்துக்குக் குழிவெட்டிப் புதைக்க வேண்டும் என்று அதில் தெளிவாகவே போட்டிருந்தது. அங்கே யாரும் அதுவரை அந்தத் தாளைப் பிரித்ததே இல்லை. மறுவாரம் அவளை வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள்.

மழை பெய்தால் எல்லோரும் கொட்டகைக்குள் ஓடுவார்கள், இவள் வெளியே வருவாள். தலையில் ஒரு பிளாஸ்டிக் தாளைப் போட்டுக்கொண்டு சரிவின் குறுக்கே நின்று தண்ணீர் எங்கே திரும்புகிறது, எங்கே வேகம் பிடிக்கிறது, எந்த முளைக்குச்சியில் முட்டுகிறது என்று பார்ப்பாள். மழை விட்டதும் போய் அந்த இடத்தில் இரண்டு குச்சியை நெருக்கி அடிப்பாள். இந்த வேலைக்கு அவளுக்கு வாத்தியார் தண்ணீர் ஒன்றுதான்.

வீட்டில் அவளோடு கணவனும் கணவனின் அக்காவும் இருந்தார்கள். நாத்தனாருக்கு வாய் கொஞ்சம் நீளம். "மலையில மண்ணைப் பிடிக்கப் போறாளாம். பாதியைத் தினமும் வீட்டுக்குள்ள கொண்டாந்து கொட்டுறா. இந்தக் கூடத்தைச் சுத்தி முதல்ல ஒரு வேலி கட்டச் சொல்லுடா" என்று தம்பியிடம் சொல்வாள். தம்பி சிரித்துவிட்டுச் செருப்பைத் தேடுவார். அவர் ஆற்றோர நீரேற்று நிலையத்தில் பம்பு ஆபரேட்டர். ஆற்று நீரை இழுத்து, மணல் தொட்டியில் வடிகட்டி, ஊருக்கு அனுப்புகிற வேலை. பத்தொன்பது வருடத்தில் ஒருநாள்கூடப் பொறுப்பை அடுத்தவன் கையில் கொடுக்காமல் வீட்டுக்கு வந்ததில்லை. மலை அந்த நிலையத்துக்கு நேர் மேலே இருபது நிமிட நடையில் இருந்தது. மனைவி மேலே பிடிக்கிற மண் கணவன் கீழே வடிகட்ட வேண்டாத மண். இதை அவர்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. தெரிந்ததுதானே.

முதல் வருடம் நன்றாகவே போனது. அனுமதிக் கடிதத்தில் மலையை மூன்று பாகமாகப் பிரித்து, ஒன்றை முடித்துப் புல் போட்ட பிறகே அடுத்ததைத் தொட வேண்டும் என்று இருந்தது. ஒரு பாகம் மட்டும் திறந்து கிடந்தது. அதன் கீழே வேலி, வேலிக்கும் கீழே தண்ணீர் தங்கித் தெளிய ஒரு பெரிய குழி. ஒவ்வொரு முளைக்குச்சியிலும் பாதி உயரத்தில் அவள் சிவப்புப் பெயின்ட்டால் கோடு போட்டிருந்தாள். மண் அந்தக் கோட்டை எட்டினால் ஆள் வைத்து அள்ளி மறுபடி மேட்டில் கொட்ட வேண்டும். தினமும் ஒரு சீட்டு எழுதுவாள். தேதி, மழையளவு, குச்சி எண், மண்ணின் உயரம், துணியில் கிழிசல் உண்டா இல்லையா. கார்பன் தாள் வைத்து இரண்டு பிரதி. ஒன்று நிறுவனத்துக்கு, முத்திரை குத்திய மற்றொன்று அவளுக்கு. அளவுகோலை ஊன்றிப் பார்க்காமல் ஓர் எண்கூட எழுதமாட்டாள். கிட்டத்தட்ட, சுமார், ஏறக்குறைய என்பதெல்லாம் அவள் சீட்டில் கிடையாது. தார்ப்பாய்க் கடையில் கிட்டத்தட்ட வெட்டினால் லாரி நனைந்துவிடும்.

அந்த மழைக்காலத்தில்தான் சோதனை அதிகாரி வந்தார். இரண்டு நாள் கனமழை பெய்து ஓய்ந்திருந்தது. வேலி முழுக்க மண் சேர்ந்து, துணி வெளிப்பக்கம் புடைத்து, சேறு வழிந்த கறையோடு நின்றது. அதிகாரி காரைவிட்டு இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கி இரண்டு படம் எடுத்தார். பிறகு, எதிர்ச்சரிவில் இன்னொரு நிறுவனம் கட்டியிருந்த வேலியையும் எடுத்தார். அது அடி புதைக்காத வேலி. மண் முழுவதும் கீழே நுழைந்து போயிருந்ததால் துணி சலவைக்குப் போட்டு எடுத்ததுபோல் வெள்ளையாகத் தொங்கியது. அவர்களுக்கு 'நன்று' என்று எழுதினார். இவர்களுக்கு 'வேலி அழுக்கு, பராமரிப்புக் குறைவு' என்று எழுதி எச்சரிக்கைக் கடிதம் அனுப்பினார். சோறு இருக்கிற தட்டை அழுக்குத் தட்டு என்றும், காலித் தட்டைச் சுத்தமான தட்டு என்றும் சொல்கிறவரை விருந்துக்குக் கூப்பிடலாம், பந்தியைக் கவனிக்க வைக்கலாமா?

மேலாளர் அவளைக் கொட்டகைக்குக் கூப்பிட்டார். கெட்ட மனிதர் இல்லை. கடிதம் வராத வாழ்க்கை வாழ ஆசைப்பட்டவர், அவ்வளவுதான்.

"என்னக்கா, நம்ம வேலிக்குத் தொப்பை போட்டிருக்கே?"

"சாப்பிட்டிருக்கு சார். பட்டினி கிடக்கிற வேலிதான் ஒல்லியா இருக்கும்."

அவர் சிரித்தார். ஆனால் அடுத்த வாரம் அவள் வந்து பார்த்தபோது வேலியின் அடி முழுவதும் குழியிலிருந்து பிடுங்கப்பட்டு, தரைக்கு மூன்று விரல் மேலே ஆணி அடித்து நிறுத்தப்பட்டிருந்தது. துணியை யாரோ கழுவியும் விட்டிருந்தார்கள். பார்க்க லட்சணமாக இருந்தது. தூக்கிக் கட்டிய பாவாடை மாதிரி இருக்கிறது என்று மண்வெட்டி ஆட்கள் தங்களுக்குள் பேசிச் சிரித்தார்கள்.

அவள் மேலாளரிடம் சண்டை போட்டாள். இதற்குப் பெயர் வேலி இல்லை, திரை என்றாள். இரண்டு முறை தானே மண்வெட்டி எடுத்து ஐம்பது அடி தூரம் மறுபடியும் புதைத்தாள். இரண்டு முறையும் மறுநாள் பிடுங்கினார்கள். சீட்டில் வேலிக்கு அடியில் உள்ள இடைவெளியை எழுத ஒரு கட்டம் சேர்த்துக் கொடுங்கள் என்று கேட்டுப் பார்த்தாள். "படிவம் மேலிடத்துல அச்சடிச்சு வர்றது. உங்க வீட்டுச் சமையல் குறிப்பா, நினைச்சா மாத்துறதுக்கு?" என்றார் மேலாளர். அளந்து எழுதுவது மட்டும்தான் உன் வேலை, பிடிக்காவிட்டால் தார்ப்பாய்க் கடை இன்னும் அங்கேதான் இருக்கிறது என்று சேர்த்துக்கொண்டார்.

அவள் போகவில்லை. பயந்து தங்கினாள் என்று சொன்னால் அது பொய். அளவு எழுத ஆளில்லாமல் போய்விட்டால் நடக்கிற அநியாயத்துக்குச் சாட்சியே இல்லாமல் போய்விடும் என்று நினைத்தாள். ஆகவே தினமும் அளவுகோலோடு போய் நின்றாள். வேலியின் பின்னால் மண் இல்லை. இல்லாததை இருக்கிறது என்று எழுத முடியுமா? மண்ணின் உயரம் பூஜ்யம் என்று எழுதினாள். முதல் குச்சி பூஜ்யம், இரண்டாவது பூஜ்யம், நூற்று நாற்பதாவது பூஜ்யம். இத்தனை மழைக்குப் பூஜ்யம் என்றால் மண் எங்கே போயிருக்கும் என்று படிக்கிற எவனுக்கும் புரியும் என்று அவள் உறுதியாக நம்பினாள்.

அடுத்த முறை வந்த சோதனை அதிகாரி காரிலிருந்தே தலையை ஆட்டிவிட்டு 'மிக நன்று' என்று எழுதினார்.

அந்தத் தைரியத்தில் நிறுவனம் மூன்று பாகத்தையும் ஒன்றாகத் திறந்தது. மனை வாங்க வருகிறவர்களுக்குச் சமதளமாகச் சிவந்த மண் தெரிய வேண்டுமாம், புல் தெரிந்தால் காடு மாதிரி இருக்கிறதாம். தண்ணீர் தெளிகிற குழியையும் மூடி, அதன் மேல் இரண்டு மனை குறித்தார்கள். ஆக, மலையிலிருந்து ஆறுவரை மண்ணைத் தடுக்க மிச்சம் இருந்தது மூன்று விரல் தூக்கிக் கட்டிய துணி மட்டும்.

கீழே கணவர் படாதபாடு பட்டார். வாரம் இரண்டு முறை கழுவிக்கொண்டிருந்த மணல் தொட்டிகளைத் தினமும் கழுவினார், பிறகு ஷிஃப்டுக்கு இரண்டு முறை, பிறகு இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை. தொட்டியைக் கழுவுவது என்றால் தண்ணீரைத் தலைகீழாக அடித்து மணலுக்குள் அடைந்த சேற்றை வெளியேற்றுவது. அந்த நேரத்தில் ஊருக்குத் தண்ணீர் போகாது. வீட்டுக்கு வரும்போது அவர் சட்டையும் அவள் சேலையும் ஒரே நிறத்தில் இருந்தன. "ஒரே மண்ணைத்தான் ரெண்டு பேரும் சுமக்குறீங்க. பேசாம ஒரே இடத்துல வேலைக்குப் போனா சோப்பாவது மிச்சம்" என்றாள் நாத்தனார். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை.

வேலியின் அடியைத் தூக்கியதை அவள் கணவரிடம் முதல் நாளே சொல்லியிருந்தாள். அவர் தன் நிலையப் பதிவேட்டில் ஆற்று நீரின் கலங்கல் அளவைத் தினமும் எழுதி, மேலதிகாரிகளுக்குத் தகவல் அனுப்பினார். மேலே இருந்தவர்கள் பெற்றுக்கொண்டோம் என்று எழுதினார்கள். பெற்றுக்கொள்வதில் அவர்களை மிஞ்ச ஆள் இல்லை.

ஒருநாள் காலையில் நாற்பத்திரண்டு மில்லிமீட்டர் மழை. அவள் வைத்த மழைமானியில் அவள் கண்ணால் பார்த்த அளவு அது. அந்த மாதத்தில் வருடாவருடம் பெய்கிற மழைதான், அதைவிடப் பெரிய மழையை முந்தின வருடம் அதே வேலி தாங்கியிருந்தது. அன்றைக்கு ஆறு செங்கல் கரைத்த மாதிரி வந்தது. தொட்டிகள் மூன்றும் அடைத்துக்கொண்டன. சேற்றை ஊருக்கு அனுப்புவதா, பம்பை நிறுத்துவதா என்ற கேள்விக்குக் கணவர் அரை நிமிடத்தில் பதில் கண்டார். நிறுத்தினார். ஏழு மணிநேரம். அவர் செய்தது சரி. ஆனால் குழாய் வறண்டதும் ஊர் கொந்தளித்தது; மறுபடி திறந்தபோது குழாய்க்குள் ஏற்கெனவே புகுந்திருந்த சேறு முதலில் வந்ததும் இன்னும் கொந்தளித்தது. யாராவது ஒருவன் தலை வேண்டும். பம்பை நிறுத்திய கை யாருடையது என்று பார்த்தார்கள். வடிகட்டித் தொட்டியைப் பராமரிக்கத் தவறினார் என்று குற்றச்சாட்டு வந்தது. நிரூபணமானால் வேலை போகும்.

அவர் தன் பதிவேட்டைக் காட்டினார். குற்றம் சாட்டப்பட்டவர் எழுதியது அவருக்கே சாட்சியாகாது, வெளியாள் எழுதிய ஆதாரம் உண்டா என்று கேட்டார்கள்.

அன்று மாலை வீட்டில் அவர் வெறுமனே உட்கார்ந்திருந்தார். அவள் அலமாரியிலிருந்து சீட்டுக் கட்டுகளை எடுத்துக் கீழே வைத்தாள். இரண்டு வருடச் சீட்டு, எல்லாவற்றிலும் நிறுவனத்தின் முத்திரை.

"இருக்குங்க ஆதாரம். ஒருநாள்கூட விட்டுப்போகல."

"காட்டினா உன் வேலை போயிடும்மா."

"போனா போகட்டும். நீங்க செய்யாத தப்புக்கு நீங்க தலைகுனியக் கூடாது."

சீட்டுகளை மாதவாரியாக அடுக்கிக் கட்ட நாத்தனாரும் உட்கார்ந்தாள். தேதி, மழை, குச்சி, அளவு என்று அவள் ஒவ்வொன்றாகப் பார்த்துக் கொடுக்க, வேலியக்கா வாங்கி அடுக்கினாள். மலையையே பார்த்திராத ஒருவன் இவற்றைப் படித்தால் என்ன நினைப்பான் என்று இவள் யோசிக்கவில்லை. அந்தச் சீட்டுகளைப் பார்க்கும்போதெல்லாம் இவள் கண்ணுக்குத் தெரிந்தது வேலிக்கு அடியில் மூன்று விரல் சந்தில் சீறிப் போகிற சிவப்புத் தண்ணீர். தாளில் இருந்தது வெறும் வட்டங்கள். இவள் செய்த ஒரே தவறு இதுதான்.

விசாரணை நடந்தது நீர்த்துறை அலுவலகத்தின் மாடி அறையில். ஒரு மேசை, நான்கு நாற்காலி, அட்டைப்பெட்டிகளில் பழைய கோப்புகள், சுவரில் ஊரின் குழாய்ப்பாதை வரைபடம். அந்த வரைபடத்தில் மலை இல்லை. விசாரணை அதிகாரி மரியாதையான மனிதர், அவளுக்கு நாற்காலி காட்டினார், தண்ணீர் வேண்டுமா என்றுகூடக் கேட்டார். கட்டைப் பிரித்துப் பொறுமையாகவே படித்தார். முதல் வருடச் சீட்டுகளில் பதினான்கு அங்குலம், பதினாறு அங்குலம் என்று பார்த்ததும் புருவத்தைத் தூக்கினார். இரண்டாம் வருடத்துக்கு வந்ததும் அவர் முகம் தெளிந்தது.

"இது உங்க கையெழுத்துதானேம்மா?"

"என்னுதுதான் சார்."

"சம்பவம் நடந்த அன்னிக்கு மண் உயரம் பூஜ்யம். முந்தின நாள் பூஜ்யம். அதுக்கு முந்தின மாசம் பூரா பூஜ்யம். கிழிசலும் இல்ல."

"ஆமா சார். அதுதான் சார் விஷயம். வேலியோட அடியைத் தூக்கிட்டாங்க. மண்ணெல்லாம் கீழே நுழைஞ்சு ஆத்துக்குப் போயிடுச்சு. அதனாலதான் பூஜ்யம்."

அவர் மறுபடி புரட்டினார். ஒரு விரலால் கட்டங்களைத் தடவிக்கொண்டே போனார்.

"அடியைத் தூக்கினதா இதுல எங்கேயாவது எழுதியிருக்கீங்களா?"

"அதுக்குக் கட்டம் இல்ல சார்."

"எழுதாததை நான் எப்படிம்மா எடுத்துக்க முடியும்?"

அவள் எழுந்து நின்று விளக்கினாள். வேலியில் மண் இருந்தால் வேலி வேலை செய்கிறது, இல்லாவிட்டால் செய்யவில்லை. முதல் வருடம் பதினாறு அங்குலம் என்றால் பதினாறு அங்குல மண் ஆற்றுக்குப் போகாமல் நின்றது என்று அர்த்தம். இருபது நிமிடம் நடந்தால் மலை, இப்போதே வாருங்கள், நானே காட்டுகிறேன் என்றாள். விசாரணையின் எல்லை நீரேற்று நிலையம் மட்டும்தான், மலை வேறு துறை என்றார் அவர். அந்த வேறு துறையின் சான்றிதழ் ஏற்கெனவே அவர் மேசையில் இருந்தது. 'வேலி சுத்தமாக உள்ளது. மிக நன்று.' சோதனை அதிகாரியின் கையெழுத்து, நிறுவனத்தின் முத்திரை, இப்போது அவற்றுக்குத் துணையாக அவளுடைய இருநூற்றுச் சொச்சம் பூஜ்யச் சீட்டுகள். மூன்றும் ஒன்றோடொன்று அச்சுப் பிசகாமல் பொருந்தின.

அறிக்கை மூன்று வாரத்தில் வந்தது. நிறுவனம் முதல் வருடத்தில் இருந்த மண்ணரிப்பைப் படிப்படியாகக் குறைத்து, இரண்டாம் வருடத்தில் முற்றிலும் இல்லாமல் செய்துவிட்டதை அதன் ஊழியரின் அன்றாடச் சீட்டுகளே ஐயமின்றிக் காட்டுகின்றன என்றிருந்தது. அன்று ஆறு கலங்கியது இயற்கைச் சீற்றம் என்றிருந்தது. சீற்றத்தைச் சமாளிக்கத் தவறியது ஆபரேட்டரின் அலட்சியம் என்றிருந்தது. பாதிப் பழி மழைக்கு, மீதிப் பழி அவருக்கு. இயற்கையைக் கூண்டில் ஏற்ற முடியாது, நோட்டீஸ் கொடுக்க முடியாது, அது எதிர்வழக்குப் போடாது. ஆகவே உலகத்தில் எங்கே எவன் அயோக்கியத்தனம் செய்தாலும் முதல் குற்றவாளி அதுதான்.

அவருக்குக் கட்டாய ஓய்வு கொடுத்தார்கள். அறிக்கையோடு ஆதாரமாக அவளுடைய சீட்டு ஒன்றின் நகலையும் இணைத்திருந்தார்கள். அவர் அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"உன் கையெழுத்து ரொம்ப அழகா இருக்கு" என்றார்.

அவர் அதற்கு மேல் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் அவளுக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் அவள் வேலைக்குப் போனாள். வழக்கம்போல அளந்தாள். சீட்டில் எல்லாக் கட்டங்களுக்கும் குறுக்கே, 'வேலியின் அடி தரைக்கு மூன்று விரல் மேலே நிற்கிறது, மண் முழுவதும் ஆற்றுக்குப் போகிறது' என்று பெரிதாக எழுதிக் கொடுத்தாள். மேலாளர் கோபப்படவில்லை. படிவம் பாழாகிவிட்டதே என்று வருத்தப்பட்டார். அதைக் கிழித்துப் போட்டுவிட்டு, புதுச் சீட்டுப் புத்தகத்தை வேறொருத்தியிடம் கொடுத்து எழுதச் சொன்னார். அந்த வாரக் கடைசியில் வேலியக்காவை அனுப்பிவிட்டார்கள். அவள் தார்ப்பாய்க் கடைக்கே திரும்பினாள்.

இரண்டு மாதம் கழித்து, கணவர் இடத்துக்கு மாற்றலாகி வந்த ஆபரேட்டர் வீட்டைத் தேடி வந்தார். ஏறக்குறைய அவர் வயதுக்காரர், வேறு ஊரில் கிணற்று நீர் நிலையத்தில் வேலை பார்த்தவர். ஆற்று நீர் புதிது. தயங்கித் தயங்கிப் பேசினார். மழை வந்தாலே தொட்டி அடைத்துக்கொள்கிறது, நீங்கள் எத்தனை மணி நேரத்துக்கு ஒரு முறை கழுவினீர்கள், எந்த அளவுக்குக் கலங்கினால் பம்பை நிறுத்துவீர்கள் என்று கேட்டார். வீட்டுக்காரர் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னார். வால்வை எத்தனை சுற்றுத் திறந்தால் மணல் மேலே வராது என்பதுவரை சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"பதிவேட்டுல ஒண்ணும் எழுதாதீங்க. எழுதினா உங்க தலையிலதான் வரும்."

அடுக்களையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த வேலியக்கா ஈரக்கையோடு வெளியே வந்தாள். வந்தவரைப் பார்த்துச் சொன்னாள்.

"எழுதுங்கண்ணே. அளவை மட்டும் எழுதாதீங்க. அது ஏன் அப்படி ஆச்சு, யாரு செஞ்சான்னு பக்கத்துலயே எழுதுங்க. கட்டம் இல்லன்னா கட்டத்துக்கு வெளியே எழுதுங்க."

வீட்டுக்காரர் அவளைப் பார்க்கவில்லை. சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நாத்தனார் வந்தவருக்கு டீ கொண்டுவந்து வைத்தாள். அவர் கணவன் மனைவி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். எழுதுவாரா மாட்டாரா என்று அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. டீயைக் குடித்து முடித்தார். வால்வு எத்தனை சுற்று என்று மட்டும் இன்னொரு முறை கேட்டுக்கொண்டு, மழை வருவதற்குள் போக வேண்டும் என்று கிளம்பினார்.